எலுமிச்சம்பழம் வைத்த கறுப்பு வண்டி

1. பானெட் விதி

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு விதி சொன்னார். கறுப்பு வண்டியின் பானெட்டை யாருக்கும் திறந்து காட்டக் கூடாது. ஏன் என்று கேட்டேன்.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா, அதனாலதான்" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. நாமக்கல்லில் லாரிக்கு அடியில் படுத்துப் படுத்து எனக்கு முதுகு போய்விட்டிருந்தது. புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு பண்ணையில் பழைய கார்களைப் பார்த்துக்கொள்ள மெக்கானிக் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளிக்கு நிலமும் உண்டு, லாரிகளும் உண்டு. எங்கோ வெளியூரில் கார் மியூசியம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர், கடலை மூட்டை அடுக்கும் கொட்டகையைக் காலி செய்து, ஐந்து பழைய கார்களை நிறுத்தி, வாசலில் 'மியூசியம்' என்று போர்டும் மாட்டிவிட்டார். ஊர்க்காரர்கள் கடைசிவரைக்கும் அதைக் கடலைக் கொட்டாய் என்றுதான் சொன்னார்கள். கார்களும் வெகு நாள் புண்ணாக்கு வாசம் அடித்தன.

ஐந்தில் நான்கு ஓடும். மூக்கு நீண்ட கறுப்பு வண்டி மட்டும் ஓடாது. குமாரபாளையத்து மில்காரர் ஒருவரிடம் வாங்கியது. வாங்கிய வருஷம் மழை இல்லை, கரண்ட்டும் சரியாக வரவில்லை. அதன் இஞ்சினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, பம்ப்போடு சேர்த்துவிட்டார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் தண்ணீர் கொட்டும். தென்னை காயும்போது காருக்கு எதற்கு இஞ்சின்? பண்ணையில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. போர்டு மாட்டிய பிறகுதான் முதலாளிக்கு வெட்கம் வந்தது. பார்க்க வருகிறவர்களிடம், "அஞ்சும் ஓடற வண்டிங்க" என்பார். நான் பக்கத்தில் நின்று ஹெட்லைட்டைத் துடைப்பேன். எத்தனை நேரம்தான் ஒரு ஹெட்லைட்டைத் துடைப்பது?

2. பாவாயி அம்மாள்

ஆயுத பூஜை அன்று எல்லாருக்கும் கொட்டகை திறந்திருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து பார்ப்பார்கள். அன்றைய முறை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வண்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதன் மேல் ஏற்றி நசுக்கிக்கொண்டு போக வேண்டும். வைத்த பழத்தைக் கையால் எடுத்தால் வண்டிக்கு ஆகாது. கிணற்று மேட்டு இஞ்சினுக்கும் இதே கதைதான். பூஜை போட்டால் தண்ணீர் வேண்டாமென்றாலும் கொஞ்ச நேரம் ஓட்டியாக வேண்டும்.

நான் சேர்ந்த அந்த வருஷம் குமாரபாளையத்திலிருந்து பாவாயி என்று ஓர் அம்மாள் தன் மகனோடு வந்தார். மகன் செல்வராசு தறி ஓட்டுகிறவன், கல்யாண வயசு. மற்ற நான்கு கார்களை அந்த அம்மாள் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் கறுப்பு வண்டியிடம் வந்து மட்கார்டைத் தொட்டார்.

"இதத்தானுங்க என்ற ஊட்டுக்காரரு ஓட்டுனாரு. மில்காரரு ஊட்டு டிரைவருங்க. இவன் கைக்கொழந்தையா இருக்கையில போயிட்டாரு."

"அப்படிங்களா" என்றார் முதலாளி.

"ஒரு போட்டோ கூட இல்லீங்க. உங்கப்பன் இப்படி இருப்பாருன்னு பையனுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல. இந்த வண்டிச் சத்தம் மட்டும் எனக்கு மறக்கல. முக்கு திரும்பறப்பவே கேக்கும். கேட்டதும் அடுப்பு பத்த வெப்பேன். அவரு வந்து எறங்கறப்ப கொழம்பு சூடாயிருக்கும். அந்தச் சத்தத்த இவன் ஒருக்கா கேக்கோணுமுங்க. அதுக்குத்தான் வந்தோம்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கொட்டகைக் கூரையைப் பார்த்தார்.

"பேட்டரி எறங்கிப் போச்சுங்களே" என்றார்.

"அதுக்கென்னங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணிரலாமுங்க" என்றான் செல்வராசு.

அதற்குள் அந்த அம்மாள் மடியிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, சூடமும் ஏற்றிவிட்டார்.

முதலாளி என் காதருகில் வந்தார். "பழத்த எடுத்துப் போட்டுரலாமா?"

"நீங்களே எடுங்க" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. லாரி வைத்திருக்கிற மனுஷன், எப்படி எடுப்பார்? தள்ளுவதென்று முடிவானது. நானும் செல்வராசுவும் பார்க்க வந்த நாலு பேரும் கை கொடுத்தோம். பழங்கள் நசுங்கின. வண்டி களத்துக்கு வந்து சத்தமில்லாமல் நின்றது.

"இன்னொருக்கா தள்ளுங்கப்பா" என்றார் முதலாளி.

இஞ்சின் இல்லாத வண்டியை எத்தனை தரம் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அது எனக்கும் அவருக்கும் தெரியும். இன்னொரு தரமும் தள்ளினோம். செல்வராசுவின் புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவனைப் பார்க்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"போதும் உடுங்க சாமி" என்றார் பாவாயி அம்மாள். "அவரு இருந்திருந்தா அவருக்கே வயசாயிருக்கும். வண்டிக்கும் வயசாகாதுங்களா."

அந்த நேரம் பார்த்துத்தான் கிணற்று மேட்டில், தண்ணீர் பாய்ச்சும் பழனி பூஜையை முடித்து இஞ்சினைத் தட்டிவிட்டான். பாவாயி அம்மாளின் தலை தென்னந்தோப்புப் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க, வண்டி இங்க நிக்குது. சத்தம் அங்கிருந்து வருதுங்களே?"

முதலாளி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றவர் என்னிடம், "கெணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அவரும் பின்னாலேயே வந்தார்.

அந்த இஞ்சினுக்கு ஒரு கோளாறு உண்டு. ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு விக்கல் விழும். வால்வு சமாச்சாரம். சரி பண்ணுகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், தண்ணீர் வருகிறதல்லவா என்று தட்டிக் கழித்துவிடுவார்கள். விக்கல் விழுந்ததும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அதேதானுங்க. எங்கியும் போகல." பிறகு மகனிடம், "கேட்டுக்கிட்டயா கண்ணு? உங்கப்பன் ஊட்டுக்கு வர்றது இப்படித்தான் கேக்கும்" என்றார். செல்வராசு தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

பழனி இஞ்சினை நிறுத்தினான். வரப்பில் உட்கார்ந்திருந்த பாவாயி அம்மாள், வாசலில் வண்டி வந்து நின்றது போலச் சட்டென்று எழுந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, வருகிற வழியைப் பார்த்தார். அங்கே முதலாளி நின்றுகொண்டிருந்தார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

3. விக்கலை விட்டுவிடு

மறு வாரமே கிணற்றுக்கு டீசல் மோட்டார் வந்துவிட்டது. பழைய இஞ்சினைக் கறுப்பு வண்டியிலேயே திரும்ப மாட்டச் சொன்னார் முதலாளி. "எல்லாத்தையும் சரி பண்ணு. அந்த விக்கல மட்டும் உட்டுரு" என்றார். கோளாறைச் சரி பண்ணாமல் விடச் சொல்லி எனக்கு வேலை கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த ஆயுத பூஜை அன்று காலையில் கூப்பிட்டார். "பழம் வெச்சது அந்தம்மாதான். இந்த வருஷமும் அவங்களே வந்து வெக்கட்டும். போய்க் கூட்டிட்டு வா."

தகவல் எதுவும் சொல்லாமல்தான் கறுப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குமாரபாளையத்தில் அன்றைக்குத் தறிகளுக்கும் பூஜை, ஒன்றும் ஓடவில்லை. தெரு அமைதியாக இருந்தது. முக்கு திரும்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கூரை ஓட்டுக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது. பாவாயி அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"வாங்க சாமி. முக்குலயே கேட்டுச்சு. அடுப்பு பத்த வெச்சுட்டேன், சாப்பிட்டுட்டே போலாமுங்க."

உள்ளே போய் உட்கார்ந்து, குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பழைய வண்டி வைத்திருக்கும் பையன்கள் இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பாலிஷ் எது நல்லது, பெயிண்ட் எது நல்லது என்பார்கள். எதையாவது போடுங்கள், ஆனால் அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணி வையுங்கள் என்று சொல்வேன். எந்த வீட்டில் யார் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.