படிக்கட்டை இடித்தவர்

காஞ்சிபுரத்தில் எத்தனையோ படங்களில் வந்த அந்தப் பழைய பங்களாவை இடித்த அன்று தெருவே கண்கலங்கி நின்றது. பொக்லைன் ஓட்டுநர் மட்டும் சலவைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி வந்திருந்தார். முதலில் மாடிப்படியைத்தான் உடைத்தார். தண்ணீர் குடிக்க அவர் நிறுத்தியபோது, “நாயகிகள் இறங்கி வந்த படி. கடைசியில் இடிக்கக் கூடாதா?” என்றேன்.

“சின்ன வயசுல ஷூட்டிங் பார்க்க வந்தோம்பா. கால் வலிக்குதுன்னு எங்கம்மா இதுல குந்திச்சு. பங்களா ஓனரு அம்மா முடியைப் புடிச்சு இழுத்து வெளிய தள்ளுனாரு. எல்லாரும் பார்த்துக்கினு நின்னாங்க. இந்த வேலைய நானா கேட்டு வாங்கினேன்.”

படி முழுதும் தூளானதும் வண்டிச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தார். “மீதிய வேற யாராவது இடிக்கட்டும்பா.”

பங்களாவுக்காக அழத்தான் நானும் போயிருந்தேன். ஏனோ அழுகை வரவில்லை.