கிளட்ச் பிளேட்டுக்கு நான் போட்ட எண்ணெய்

இன்று எங்கள் வீட்டு ஷெட்டிலேயே பழைய காருக்குப் புது கிளட்ச் போட்டோம். காருக்கு ஐம்பது வயதுக்கு மேல். என் கணவர் போன பிறகு அதை ஓட்டுவது நான்தான்.

மூலக்குளத்திலிருந்து வந்த மெக்கானிக் முருகையன் காலையிலேயே கியர்பாக்ஸை இறக்கிவிட்டார். புது பிளேட்டைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன்.

அவர் டீ குடிக்கப் போனார். பிளேட் வறண்டு கிடப்பதாக எனக்குத் தோன்றியது. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை எடுத்து நன்றாகத் தடவி வைத்தேன்.

திரும்பி வந்தவர் பிளேட்டை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, எண்ணெ! இத மாட்டுனா கிளட்ச் வழுக்கும், வண்டி நவுராது. இத வித்த கடக்காரன உண்டு இல்லன்னு பண்ணிட்டு வரேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

கான்வென்ட்டில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்த்ததில்லை. ஆனால் செய்யாத தப்புக்குக் கடைக்காரர் ஏச்சு வாங்கலாமா? வாசல் கேட்டுக்கு ஓடினேன்.

"முருகையன், நில்லுங்க. எண்ணெய் போட்டது நான்தான்."

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"கைய கழுவிட்டுத்தானம்மா தொட்டீங்க?"

பிறகு பிளேட்டைப் பெட்ரோலில் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். மாலையில் லாஸ்பேட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். கியர் முனகாமல் விழுகிறது.

போகும்போது என் எண்ணெய்ப் புட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யார் வீட்டிலாவது கொஞ்சம் இருக்கிறதா? தையல் மெஷினுக்குத்தான் கேட்கிறேன்.