ஒற்றை நட்சத்திரம் போட்ட அத்தை

அலுமிதாவுக்கு அறிவிப்புகளைப் படிப்பதென்றால் கொள்ளை ஆசை. மற்றவர்கள் ‘சம்மதம்’ என்று அழுத்தித் தள்ளிவிட்டுப் போகும் விதிமுறைகளை அவள் வரி விடாமல் படிப்பாள். பிஜித் தீவுகளின் சுவா நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் கைப்பேசிச் செயலிகள் எழுதுவது அவள் வேலை. வியாழக்கிழமை மதியம் நசேசே கடற்சுவரில் போய் உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கும் வறுத்த மீனும் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, அந்த வாரத்துச் செய்திகளைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்வாள். லம்பாசாவிலும் கந்தாவுவிலும் இன்னும் எந்தெந்தத் தீவிலோ செயலி எழுதுகிறவர்கள் சேர்ந்திருக்கும் குழுவுக்கு அது போகும்.

“கேளுங்க மக்களே, தேவையில்லாம இருப்பிடம் கேக்குற செயலியை எல்லாம் செயலிக் கடைக்காரங்க திருப்பி அனுப்புறாங்களாம். டார்ச் லைட்டுக்கு நான் எந்த ஊர்ல இருக்கேன்னு எதுக்குத் தெரியணும்? எடுத்துடுங்க.”

லம்பாசாவிலிருந்து மாமன் மகன் சைருசி உடனே பதில் அனுப்புவான். கரும்பு லாரிகள் ஆலை வாசலில் காத்து நிற்கும் வரிசையைக் காட்டும் செயலி அவனுடையது.

“அத்தை மகளே, நீ மீன் மெல்லுற சத்தத்துல பாதி விதி போச்சு. முள்ளைத் துப்பிட்டு மறுபடி சொல்லு.”

“பசிச்சா ஊருக்கு வா, மீன் தலையை உனக்கு வைக்கிறேன். இப்ப விதியைக் கேளு.”

அவளுக்கென்று சொந்தமாக ஒரு செயலி இருந்தது. கடல் வற்றும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் சொல்லும். கடற்சுவருக்கு எதிரே சேற்றுப் பரப்பில் குனிந்து சிப்பி பொறுக்கும் பெண்களைத் தினமும் பார்த்துப் பார்த்து எழுதியது. வேறு எதையும்விட அதன்மேல்தான் அவளுக்குப் பிரியம். ஒருநாள் அதற்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. கீழே, ‘பொய் சொல்லுது. என் கூடை போச்சு. வசீதி’ என்று இருந்தது.

அன்று பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. குறை சொல்கிறவர்களுக்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். தானும் பணிவாக எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. கடைசியில் சந்தையில் விசாரித்துக்கொண்டு போனாள். சிப்பிக் குவியல்களுக்குப் பின்னால் கைவிசிறியோடு வசீதி உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, அந்தச் செயலியை எழுதினவ நான்தான்.”

வசீதி ஏற இறங்கப் பார்த்தாள். “நீதானா அது. உக்காரு. தண்ணி திடீர்னு ஏறிடுச்சு, கூடையை விட்டுட்டு ஓடி வந்தேன். ஒரு காலைப் பொழுது பூரா பொறுக்கினது.”

“நேரம் சரியாத்தான் இருந்துச்சு அத்தை. நான் பார்த்தேன்.”

“எங்கேருந்து பார்த்தே? நாற்காலியிலேருந்தா? சனிக்கிழமை என்கூட வா. சேறு ஒண்ணும் உன்னைத் தின்னுடாது.”

சனிக்கிழமை காலை, இடுப்பில் சுற்றியிருந்த சூலுத் துணியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு அலுமிதா அவள் பின்னால் நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஓரிடத்தில் வசீதி நின்று, பாலிதீன் பையில் சுற்றியிருந்த கைப்பேசியை வெளியே எடுத்தாள். நாந்தியில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய புதுக் கைப்பேசி. பையோடு சேர்த்தே ஈர விரலால் தேய்த்தாள். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தாள். திறந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இந்தச் சாம்பல் கலர் எழுத்து யாருக்கு, மீனுக்கா?” என்று கேட்டாள்.

அலுமிதா எட்டிப் பார்த்தாள். கடல் எப்போது வற்றும் என்பது இருந்தது. அதற்குக் கீழே, ‘இந்த நேரத்துக்குள் கரையேறவும்’ என்று அவள் எழுதியிருந்த வரியைக் காணவில்லை. அந்த இடத்தில், திரையின் அடியில் தெரியும் கைப்பேசியின் மூன்று பொத்தான்கள் உட்கார்ந்திருந்தன.

கைப்பேசி மென்பொருளின் புதிய பதிப்பில் செயலிகள் திரையின் அடிவிளிம்புவரை பரவும், கடைசி வரி பொத்தான்களுக்கு அடியில் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சில மாதங்களுக்கு முன்னால் குழுவில் சொன்னதே அவள்தான். தன்னுடையதையும் பார்த்தாள், ஆனால் தன் கைப்பேசியில் மட்டும். அதில் பொத்தான்கள் கிடையாது, விரலால் தள்ளுவதுதான்.

“என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறே?”

“கரையேறச் சொல்ற வரி பொத்தானுக்கு அடியில மாட்டிக்கிச்சு அத்தை. உன்மேல தப்பே இல்ல.”

“எழுதினதும் நீ, ஒளிச்சு வச்சதும் நீயா?”

“நானேதான்.”

வசீதி கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூரத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு அவர்களிடமும் சொன்னாள். அலுமிதாவுக்கு முகம் சுட்டது. ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வார இறுதியிலேயே வேலையை முடித்தாள். கரையேறும் நேரம் திரையின் உச்சிக்குப் போனது. எழுத்துகள் பெரிதாகி, கன்னங்கரேல் என்று ஆயின. எதையும் தொடாமலே, திறந்தவுடன் எல்லாம் தெரிந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் வியாழக்கிழமை குழுவுக்குச் சொன்னாள்.

“ஒரு போன்ல பார்த்துட்டு முடிஞ்சதுன்னு எழுந்திரிக்காதீங்க. பொத்தான் இருக்கறது, இல்லாதது, எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கறது, எல்லாத்துலயும் பாருங்க. வெயில்ல கொண்டு போங்க. விரலை நனைச்சுத் தொட்டுப் பாருங்க. யாராவது உங்க செயலியைத் திறக்கறப்ப பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லாதீங்க. வாயை மூடிக்கிட்டு அவங்க கையைப் பாருங்க.”

சைருசியிடமிருந்து மாலையில்தான் பதில் வந்தது. “அத்தை மகளே, கிண்டல் பண்ணலாம்னுதான் இருந்தேன். ஒரு லாரிக்காரன் போனை வாங்கிப் பார்த்தேன். என் கடைசி வரியையும் காணோம்.”

அலுமிதா ஒரு புதுக் கூடையை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். வசீதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்து நட்சத்திரங்களை மூன்றாக்கினாள்.

“ஏன் அத்தை மூணு?”

“எழுத்து தெரியுது, நேரம் தெரியுது. மழை வருமான்னு சொல்லலையே.”

மழை எழுதுவது வேறு வேலை, அதற்கு நாளாகும் என்று அலுமிதா சொல்லிப் பார்த்தாள். வசீதி அதற்குள் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டு, “உன் போனையும் கொண்டா, மருமக பார்ப்பா” என்றாள். அந்தப் பெண்ணும் ஒரு குறையோடு வந்து உட்கார்ந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் அவளுக்குச் சந்தைதான்; அன்று அலுவலக வேலை என்று யாராவது சொன்னால் அலுமிதா முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள்.