பாராசூட் கட்டிய மிளகுக்காரர்

காப்பீடு விற்றுப் பிழைத்தவர்களே, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சாவைப் பற்றிப் பேசக்கூட நாம் பழகிவிட்டோம். கம்ப்யூட்டர் சொன்ன தொகையை விளக்கத்தான் நமக்கு வாய் வரவில்லை.

பின்னால் ஓடும் தாள்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில், மலைமேல் செம்மேட்டில் இருந்த எங்கள் சின்ன ஆபீஸுக்குப் புது மென்பொருள் வந்தது. வயதையும் தொழிலையும் அடித்தால் பிரீமியம் சொல்லும். உண்மையில் கணக்குப் போடுவது அதுவல்ல, பின்னால் மறைந்து ஓடும் ஓர் எக்செல் தாள். ஒருநாள் அந்தத் தாளைத் திறந்து பார்த்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. அதைச் செய்த சேலத்துக் குமாருக்குப் போன் போட்டேன். "மேடம், அது பாட்டுக்குப் பின்னாடி இருக்கட்டும். நீங்க பாத்தா அதுக்குக் கணக்கு வராது."

முந்தின வரி

மிளகுப் பறிப்புக்கு முன் விபத்துக் காப்பீடு வேண்டுமென்று தேவனூர் நாட்டுச் சடையன் தன் மனைவி வெள்ளச்சியோடு வந்தார். மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணி சாத்தி ஏறுகிறவர். முந்தின பறிப்பில் பக்கத்துத் தோட்டக்காரர் விழுந்து, இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகியிருந்தார்.

'மிளகு பறிப்பவர்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு மாட்டு விலை வந்தது. பட்டியலில் இல்லாத தொழிலென்றால், ஆங்கில அகர வரிசையில் அதற்கு முந்தின வரியைத் தாள் எடுத்துக்கொள்ளும் என்றான் குமார். முந்தின வரியில் இருந்தவர் பாராசூட்டில் குதிப்பவர். சடையனிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டார். "குதிக்கறவனுக்கு விழறதுதானுங்க வேலை. எனக்கு ஏறறதுதானுங்களே."

திருத்தம்

குமார் மிளகு பறிப்பவரைப் பட்டியலின் அடியில் கடைசி வரியாகச் சேர்த்தான். அகர வரிசை குலைந்ததில் தாள் வரி மாறி எடுக்க ஆரம்பித்தது. சடையன் பாராசூட்டிலேயே இருந்தார். அதுவரை கடைசியில் இருந்த வெல்டர், மிளகு பறிப்பவராக அச்சாகி வந்தார். அந்த வெல்டிங் பட்டறைக்காரர் தன் பாலிசிக் காகிதத்தோடு வந்து நின்றார். "ஏனுங்கம்மா, தரையில உக்காந்து பத்த வைக்கறவனுங்க நானு. என்னைய எதுக்குங்க மரத்துல ஏத்துனீங்க?"

சரியான விடை

குமார் வரிசையைச் சரிசெய்து, மேலிடம் ஒப்புக்கொண்டு, புதுத் தாள் மலையேறி வருவதற்குள் மிளகு களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சடையன் காப்பீடு இல்லாமலே எல்லா மரமும் ஏறி இறங்கியிருந்தார். பிரீமியம் இப்போது சரியாக வருகிறது என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளச்சி மிளகைத் துழாவிக்கொண்டே கேட்டார். "அவரு ஏறுனப்பல்லாம் ஏணிய நாந்தானுங்க புடிச்சுக்கிட்டு நின்னேன். அந்த வேலைக்கு உங்க பொட்டியில என்ன பேருங்க?"

விழுந்த பிறகு என்ன கொடுப்பது என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் தொழில். அதையும் ஒருவர் ஏறுவதற்கு முன் போட்டு முடிக்க எங்களால் ஆகவில்லை.