பிலோமினாவின் எழுபத்திரண்டு சீட்டுகள்

அடுத்தவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவதுதான் என் உத்தியோகம். கெட்ட பெயர் வாங்க இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

விருத்தாசலத்தில், பீங்கான் தொழில் பாடமும் உள்ள ஒரு கல்லூரி. பதினாறு வருசம் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, 'கற்பித்தல் மேம்பாட்டு மையம்' என்று ஒரு போர்டு மாட்டி உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சூளை அறைக்கும் உடைந்த பெஞ்சுகள் போட்டிருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். ஆசிரியர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே ஆராய்ந்து, எங்கே சறுக்குகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். நான் கூட இருந்து உதவ வேண்டும். நீங்கள் தையல் மிஷின் மிதிப்பவராக இருக்கலாம், பஸ் ஓட்டுபவராக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்டு யாருக்குப் போகும்?

பிலோமினா திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கெஸ்ட் லெக்சரர். இரண்டாம் வருசம் பி பிரிவுக்குக் களிமண் பாடம் நடத்துகிறார். வருசா வருசம் மறு நியமனப் பட்டியலில் பெயர் வந்தால்தான் வேலை. வூட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

நான் முதல் நாள் போய் உட்கார்ந்தபோது சாக்பீஸ் அவர் கையில் இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவது முறை கீழேயே விழுந்துவிட்டது. எனக்கே சங்கடமாகப் போனது. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் என்னை மறித்து, நான் எழுதியது யார் கைக்குப் போகும் என்று கேட்டார். யாருக்கும் போகாது, நீங்களும் நானும் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவோம் என்று சொன்னேன். சத்தியம் பண்ணாத குறை. முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

"அப்ப சரிங்க மேடம். எனக்கு வராததை உங்க முன்னாடியே தைரியமா பண்ணலாம்."

ஒன்றுமே இல்லாத வகுப்பு

அதே பாடத்தை ஏ பிரிவுக்கு நடத்துபவர் ராமலிங்கம் சார். நிரந்தரப் பேராசிரியர், கல்லூரியிலேயே மூத்தவர். இரண்டு பேரிடமும் நான் சொன்ன வழி ஒன்றுதான். வகுப்பு முடிய ஐந்து நிமிசம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். இன்றைக்கு என்ன புரியவில்லை என்று எழுதட்டும். பெயர் போட வேண்டாம்.

சார் சீட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பெஞ்ச் பெஞ்சாகப் போய் ஒவ்வொருவர் எழுதுவதையும் குனிந்து படித்துக்கொண்டே வந்தார். எந்தப் பிள்ளை எழுதும்? மொத்தச் சீட்டிலும் 'எல்லாம் புரிந்தது, நன்றி ஐயா.' சீட்டுகளைக் கட்டாக என் மேசையில் வைத்தபோது அவருக்கு அத்தனை பெருமை.

"பாத்தீங்களாம்மா? என் கிளாஸ்ல ஆராய்ச்சி பண்ண ஒண்ணுமே இல்ல."

பிஸ்கட் டப்பா

பிலோமினா ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, வாசல் பக்கம் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். டப்பா ரொம்பியது. மண் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கு புரியவில்லை. ஈரம் காய்ந்த பிறகும் சூளையில் ஏன் சுருங்குகிறது, புரியவில்லை. ஒருத்தன் 'எதுவுமே புரியவில்லை, மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தான்.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. என் சந்தில் உட்கார்ந்து சீட்டுகளை ரகம் பிரித்தார். மறுவாரம் பிள்ளைகளையே களிமண் கட்டை செய்ய வைத்து, ஈரத்தில் கோடு போட்டு, காய்ந்ததும் ஒரு தடவை, சுட்டதும் ஒரு தடவை அளக்க வைத்தார். கணக்கு இடித்த இடத்தில் எல்லாம் மறுபடி சீட்டு. 'புரியவில்லை' என்று மொட்டையாக எழுதியவர்கள் போகப் போக இன்ன இடத்தில் புரியவில்லை என்று எழுத ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அவர் மட்டும் முதல் நாள் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசமா இவங்களுக்குப் புரியலன்னே எனக்குத் தெரியாம போச்சுங்களே மேடம்."

நான் போட்ட அட்டவணை

அந்தச் சந்தோசத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன். முதல்வர் மாத அறிக்கை கேட்டிருந்தார். ஒழுங்காக நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் அட்டவணை போட்டேன். பிலோமினா பெயருக்கு நேரே, 'புரியவில்லை' சீட்டு எழுபத்திரண்டு. ராமலிங்கம் சாருக்கு நேரே பூஜ்யம். நோட்டைத்தானே யாருக்கும் தரமாட்டேன் என்றேன், இது நோட்டு இல்லையே என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

மூன்றாம் நாள் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் மறு நியமனப் பட்டியல். பிலோமினா பெயரைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். வெள்ளிக்கிழமை ஃபைல் போகிறது, எழுபத்திரண்டு புகார் வாங்கிய ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்றார். அது புகார் இல்லை சார், அவர் கேட்டு வாங்கியது என்று என்னென்னவோ சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் நிதானமாக அட்டவணையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எழுதிக் கொடுத்ததே நீங்கதானே மேடம்?"

கேட்டருகே

சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று, சாயங்காலம் கல்லூரி கேட்டருகே நிறுத்திச் சொன்னேன். பட்டியல், வட்டம், அட்டவணை எல்லாவற்றையும். பிலோமினா அழவில்லை, சண்டை போடவில்லை. திட்டக்குடி பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"யாருக்கும் போகாதுன்னு சொன்னீங்களே மேடம்."

பத்து சென்டிமீட்டர் டைல்

வியாழக்கிழமை காலை முதல்வர் அறை வாசலில் போய் நின்றேன். இரண்டு பிரிவுக்கும் நீங்களே வந்து ஒரே கேள்வி கேளுங்கள், அதுவரை நகரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தொல்லை தாங்காமல் கிளம்பினார். அவர் வரலாற்றுக்காரர். என்ன கேட்பது என்றார். நான் சொன்னால் ஏற்பாடு என்று ஆகிவிடும் என்பதால், பாடப் புத்தகத்தைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். ஈர அளவில் பத்து சதவீதம் சுருங்கும் மண். சுட்ட பிறகு டைல் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அச்சு எத்தனை சென்டிமீட்டர்?

ஏ பிரிவில் ஒரே நிமிசம். அத்தனை பேரும் பதினொன்று என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் அவர் மனசிலும் பதினொன்றுதான் என்று தெரிந்தது. பி பிரிவில் ஒருத்தரும் விடை எழுதவில்லை. ஓரத்தில் ஏதோ போட்டு அடித்தார்கள், பக்கத்தில் இருப்பவரோடு குசுகுசுத்தார்கள். பிலோமினா சுவரோடு சுவராக நின்றார். ஐந்து நிமிசம் ஆனது. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து கம்மாபுரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். பதினொன்று போட்டால் பத்து வராது, பதினொன்றில் பத்து சதவீதம் போனால் ஒன்பது புள்ளி ஒன்பதுதான், அச்சு பதினொன்றுக்கு மேல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் வேண்டும் என்றாள். முதல்வர் ஏ பிரிவுச் சீட்டு ஒன்றைத் திருப்பி, அதன் பின்னால் தானே பெருக்கிப் பார்த்தார். இரண்டு தடவை. அப்புறம் இது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கட்டையை அளந்தப்ப இதே எடத்துலதான் சார் இடிச்சுது. அன்னிக்கு நாங்க எல்லாரும் புரியலன்னுதான் எழுதிப் போட்டோம்."

சுற்றறிக்கை

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் வட்டம் இல்லை. அழித்த தடம் மட்டும் இருந்தது. திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது: இனி ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் குறைந்தது இருபத்தைந்து 'புரியவில்லை' சீட்டு சமர்ப்பிக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டேன். ராமலிங்கம் சார் மறுநாளே கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஒரே இடத்தில் கால்புள்ளி. வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள்.

"கரெக்டா இருபத்தஞ்சு இருக்குதும்மா, வேணும்னா எண்ணிக்கோங்க."

மறுபடி கடைசி பெஞ்ச்

பிலோமினா இரண்டு வாரம் என் அறைப் பக்கமே வரவில்லை. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வார், அவ்வளவுதான். போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றார். பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை. அடுத்த நாள் மேல்பூச்சுப் பாடம் புதிதாக ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டு, வரலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பிஸ்கட் டப்பா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க வாங்க மேடம். நோட்டு வேணாம்."

இப்போது வெறுங்கையோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் எனக்குப் புரியாததைத் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதி அந்த டப்பாவில் போட்டுவிட்டு வருகிறேன். கற்பித்தல் மேம்பாட்டு மையத்தில் இதுவரை மேம்பட்ட ஆள் நான் ஒருத்திதான்.