முதல் மூட்டை அம்மனுடையது

கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் போளூரில் சும்மா உட்கார முடியாமல், ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் பெண்கள் குழு ஒன்றிடம் போய்ச் சேர்ந்தேன். தலையில் பிளாக்செயின் பைத்தியம். குழுவுக்கும் அப்போது அது தேவைப்பட்டது. கீழ்நாட்டுச் சாமையை மலைச் சாமை என்று வாங்கி ஏமாந்திருந்த சென்னைக் கடைக்காரர் ஒருவர், எந்த மூட்டை யாருடைய கொல்லை நிலத்தில் விளைந்தது என்று காட்டினால்தான் எடுப்பேன் என்றிருந்தார்.

பிளாக்செயினில், மூட்டை கட்டும்போது ஒரு பதிவு, வேனில் ஏறும்போது ஒன்று, மில்லில் இறங்கும்போது ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதன் அடையாளத்தைச் சுமந்து வரும். பிரதி எல்லோரிடமும் இருப்பதால், யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் மாட்டிக்கொள்வார். இதை முதலில் படித்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் முதலில் எழுதுவது சரியா என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

லோடு கிளம்பியதும் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "முதல் மூட்டையில விவசாயி பேரு அம்மன்னு இருக்கு, நிலம் கோயில்னு இருக்கு. இதுவும் போலியா தம்பி? சாயங்காலத்துக்குள்ள பதில் வரலன்னா லோடைத் திருப்பிடுவேன்."

குடோனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் ஓடினேன். மூட்டை கட்டும்போது பதிவு போடுவது அவர்தான்.

"இன்னாக்கா, அம்மன் ஏர் ஓட்னாளா?"

"கிண்டலா ஒனக்கு? அறுப்பு முடிஞ்சா வூட்டுக்கு ஒரு படி அவளுக்கு. அத்தினியும் சேத்து அந்த மூட்டை. திருவிழா செலவுக்கு விக்கிறோம். அவளுத வேற யார் பேர்ல போட்றது?"

"கடைக்காரரு போலின்றாருக்கா."

"அப்ப அழிச்சிட்டு எம் பேரப் போடு."

"அழிக்க முடியாதுக்கா."

"இன்னாபா மெஷினு. சிலேட்டே தேவல."

"என்னாலயும் முடியாது, கடைக்காரராலயும் முடியாது."

அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "நாளைக்கி சரக்க வாங்கிட்டு, வரவே இல்லன்னு அவரு சொல்ல முடியாதா?"

"முடியாதுக்கா."

"அப்ப நல்ல மெஷினுதான். சரி, அடுத்த வரில இன்னா எழுதணும், சொல்லு."

நான் மணிக்கணக்கில் விளக்கியும் பதியாத விஷயம், அந்த ஒரு கேள்வியில் அவர் வசமாகிவிட்டது.

பழைய பதிவை அப்படியே விட்டு, அதன் கீழே எழுதினோம்: இது அம்மன் பங்கு, வீட்டுக்கு ஒரு படியாகச் சேர்ந்தது. படி கொடுத்த வீடுகளையும் அவரவர் கொல்லையையும் சேர்த்தோம். போனுக்கு சிக்னல் பஸ் ஸ்டாப்பில்தான் கிடைக்கும் என்பதால் பெண்கள் எல்லோரும் அங்கே வந்து, ஆளாளுக்குத் தங்கள் போனில் 'உண்மை' என்று அழுத்தினார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஓட்டு ஏதாவது போடுகிறார்களா என்று கேட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் கடைக்காரர் பேசினார். "ரெண்டு பதிவையும் பார்த்தேன். லோடு இறங்கட்டும்."

பிறகு அந்த மூட்டைச் சாமையில் போட்ட பாக்கெட் ஒன்றைக் கடைக்காரர் எங்களுக்கு அனுப்பிவைத்தார். மேலிருந்த க்யூஆர் கட்டத்தை அக்காவே போனில் ஸ்கேன் செய்தார். விவசாயி: அம்மன். அதன் கீழே ஊர் மொத்தமும்.

"பாத்தியா," என்றார். "அன்னிக்கி அழிச்சிருந்தா ஒன்ன சும்மா வுட்ருப்பாளா அவ?"