ஸ்தனிஸ்லாஸ் வக்கீல் சாட்சி சொன்ன வழக்கு

மேலப்புதூர் ஸ்தனிஸ்லாஸ் பிற்பாடு சர்க்கார் வக்கீலாகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்தவர். ஆனால் ஐம்பதுகளில் திருச்சி ஜில்லா அவரை அறிந்தது கொலை வழக்குகளால்தான். துறையூர்ப் பக்கம் ஒருவன் அரிவாளைத் துடைப்பதற்கு முன்பே, “மேலப்புதூரார் இருக்காருங்க” என்று யாராவது தைரியம் சொல்வார்களாம்.

அந்தப் பக்கம் வெட்டியவன் சரணடைவதில்லை. கல்யாணமாகாத தம்பிதான் அரிவாளோடு ஸ்டேஷனுக்குப் போவான். செய்யாதவன்மேல் சாட்சியம் ஒட்டாது, வக்கீல் உரித்து எடுத்துவிடுவார் என்பது நம்பிக்கை.

1957இல் கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் மருதை என்பவன் வெட்டுப்பட்டுச் செத்தான். வெட்டியவன் பெரியண்ணன். ஸ்டேஷனுக்குப் போனவன் அவன் தம்பி வீரமலை. அவனுக்காக ஸ்தனிஸ்லாஸ் ஆஜரானார். எதிரே நின்று வெட்டியிருக்கிறான், வெட்டு கழுத்தின் வலப்பக்கம் இறங்கியிருக்கிறது, ஆகவே வெட்டியவன் இடக்கைக்காரன் என்று டாக்டர் வாயாலேயே வரவழைத்தார். வீரமலைக்கோ வலக்கைதான் பழக்கம்.

மருதையின் மனைவி காளியாயி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை வீரமலைதான் என்று நம்பியிருந்தவள் அவள். அந்த ஊரில் இடக்கைக்காரன் பெரியண்ணன் ஒருவன்தான்.

தீர்ப்பு நாளில் காளியாயி ஜட்கா வண்டிக் குதிரைக்குப் புல் விற்க வந்தவள்போல், அரிவாள் செருகிய புல்லுக்கட்டைக் கோர்ட் வாசலில் இறக்கினாள். உள்ளே விடுதலை. வெளியே பெரியண்ணன் தம்பிக்காக மாலையோடு காத்திருந்தான். முதல் வெட்டு பிடரியில். கவிழ்ந்தவன் இடக்கையை ஊன்றினான். அடுத்த வெட்டில் அது முழங்கையோடு தனியே போனது. முதல் ஆளாக வெளியே வந்த ஸ்தனிஸ்லாஸின் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் ரத்தம் சூடாகத் தெறித்தது. பெரியண்ணன் அங்கேயே செத்தான். கூட்டம் சிதறி ஓடியது. காளியாயியின் தம்பி செல்லாண்டி அரிவாளைப் பிடுங்கிக்கொண்டான்.

“குடுக்கா. நான் போறேன்.”

கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை என்றார். ஊர்க்காரர்கள் செல்லாண்டிதான் என்றார்கள். அவனும் ஒப்புக்கொண்டான்.

காளியாயி வக்கீல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“நீங்க எடுத்தா தம்பி வந்துருவான்னு சொல்றாங்க.”

“நான்தான் கண்ணால பார்த்தேனேம்மா.”

“பாத்தா என்னங்க? அன்னைக்குப் பாக்காததையே அவ்வளவு தெளிவாச் சொன்னீங்க.”

“இதுல உரிக்க ஒண்ணுமில்ல. கையில அருவா, மேலெல்லாம் ரத்தம். தூக்குதான்மா போடுவாங்க.”

“வீரமலை வந்தானே.”

“இவன் வர மாட்டான்.”

அவள் நம்பவில்லை. வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் சாட்சி சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஸ்ரீரங்கத்து சீனியர் வக்கீல் நரசிம்மாச்சாரி கூப்பிட்டனுப்பினார். “சாட்சிக் கூண்டு ஏறினீர்னா அப்புறம் எவன் காணும் உம்மை நம்பிக் கட்சிக்காரனா வருவான்? பெருமாள் விட்ட வழின்னு வாயை மூடிண்டிரும்.”

“வாயைத் திறந்துதானே சார் ஒருத்தனை வெட்டக் குடுத்தேன்.”

விசாரணையில் அவர் தாமாகவே முன்வந்து கூண்டேறினார். வெட்டியது காளியாயி, செல்லாண்டி வெட்டவில்லை என்றார். “பொய், பொய்” என்று செல்லாண்டி கத்த, போலீஸ்காரர்கள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அரசுத் தரப்பு அவரைப் பாதி நாள் குடைந்தது. சொன்னதை அவர் மாற்றவில்லை.

செல்லாண்டி விடுதலையானான். அன்று கோர்ட் வராந்தாவிலேயே காளியாயியைக் கைது செய்தார்கள். அவள் தலைமுடி அவிழ, தூணைக் கட்டிக்கொண்டு முரண்டினாள். விரல் விரலாகப் பிரித்து இழுத்துப் போனார்கள்.

செல்லாண்டி நேராக வக்கீலிடம் வந்தான். “எங்கக்காவக் காட்டிக் குடுத்துட்டியேய்யா.” முதல் குத்தில் ஸ்தனிஸ்லாஸின் முன்பல் உடைந்தது. கீழே விழுந்தவரை நெஞ்சில் மிதித்தான். கான்ஸ்டபிள் லத்தியால் அடித்து அவனைப் பின்னுக்கு இழுத்தார்.

“கேஸ் எழுதிடவாங்க?”

வக்கீல் தரையில் உட்கார்ந்தபடி ரத்தத்தைத் துப்பினார்.

“வேணாம், அவனை பஸ் ஏத்தி விடுங்க. அந்தம்மாவோட ரெண்டு புள்ளைங்களும் ஊர்ல தனியா இருக்கு.”